பழைய நியூ வேகஸ், புதிய கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் வீட்டு மாடியறையில் வைத்தும், ஏற்காட்டில் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே வைத்தும், ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ விளையாட்டைப் பத்துப் பன்னிரண்டு கணினிகளிலாவது நிறுவிக் கொடுத்திருப்பேன். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியதால் இந்தப் பக்கம்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு: இது 2010 அக்டோபரில் வெளிவந்தது. அப்சிடியன் எண்டர்டெயின்மென்ட் உருவாக்கியது, பெதஸ்டா சாஃப்ட்வொர்க்ஸ் வெளியிட்டது. அணுப்போர் முடிந்து இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த 2281-ஆம் ஆண்டில், மொஹாவி பாலைவனத்தில், தலையில் சுடப்பட்டுப் புதைகுழிக்குள் தள்ளப்பட்ட ஒரு கூரியர்காரர் பிழைத்தெழுந்து தன்னைச் சுட்டவனைத் தேடிப் புறப்படுவதில் கதை தொடங்குகிறது. எழுத்திலும், நாம் எடுக்கும் முடிவுகளுக்கு ஊர் முழுவதும் கணக்கு வைத்திருப்பதிலும் இதற்கு இணையாக வந்தவை மிகச் சில என்பது என் கருத்து. ஆனால் வெளிவந்த நாளிலிருந்தே இது நோஞ்சான் குழந்தை. கொஞ்சம் கவனித்து வளர்க்க வேண்டும்.

என் கணினி இந்த விளையாட்டைவிடப் பன்னிரண்டு வருடம் புதியது. அப்படியிருந்தும் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. இதற்கான விடையை விளங்கிக்கொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே கரைந்துவிடும்.

இந்த விளையாட்டு கேட்ட குறைந்தபட்சத் தகுதி 2 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக்கரு சிபியு, 2 ஜிபி ரேம், அந்தக் காலத்து ஜிஃபோர்ஸ் 6 வரிசை கிராபிக்ஸ் கார்டு, அவ்வளவுதான். இன்று சேலத்தில் எந்தக் கடையில் எந்தக் கணினியை வாங்கினாலும் அதைப் பலமுறை தாண்டியிருக்கும். ஆகவே குறை பலத்தில் இல்லை. நேரம் பார்ப்பதில் இருக்கிறது.

திரையில் ஓடும் படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒரு பிரேமுக்கும் (ஒருமுறை வரையப்படும் படத்துக்கும்) அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி இருக்கும். கடந்த பிரேமிலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்று விளையாட்டு ஒவ்வொரு பிரேமிலும் விண்டோஸைக் கேட்டு, அதற்கேற்ப உங்கள் பாத்திரத்தை நகர்த்துகிறது. அது கேட்பது விண்டோஸின் மிகப் பழைய கடிகாரம் ஒன்றை. அந்தக் கடிகாரம் நொடிக்கு 64 முறை, அதாவது 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் நகரும். இரண்டு தாளங்களும் ஒத்துப்போவதில்லை. பதினான்கு பிரேம்களுக்கு ‘15.6 மில்லிநொடி கழிந்தது’ என்ற பதில் வரும். பதினைந்தாவது பிரேமுக்குக் கடிகாரம் இரண்டு அடி எடுத்துவைத்திருக்கும், ஆகவே ‘31 மில்லிநொடி கழிந்தது’ என்று பதில் வரும். உடனே விளையாட்டு உங்களை இரட்டைத் தூரம் தள்ளிவிடும். நொடிக்கு நான்கு முறை இப்படி நடக்கிறது: 64-இலிருந்து 60 போனால் மீதி நான்கு.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். விளையாட்டைத் தொடங்கி, கதை ஆரம்பிக்கும் டாக்டர் மிட்செலின் வீட்டை விட்டு வெளியே வந்து, குட்ஸ்பிரிங்ஸ் ஊரின் வேலி ஒன்றுக்குப் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பாமல் வேலியை ஒட்டியே பக்கவாட்டாக நடந்து போங்கள். வேலிக்கால்கள் ஒரே சீராக நழுவிப் போக வேண்டும். அவ்வாறு போகாமல், விசைத்தறியில் ஓர் இழை விட்டுப்போனால் துணியில் கோடு விழுவதைப் போல, சிறு இடைவெளிக்கு ஒருமுறை வேலி ஒரு துள்ளு துள்ளும். மூலையில் எஃப்பிஎஸ் எண் 60 என்று அசையாமல் நிற்கும். ‘60 காட்டுகிறதே, பிறகென்ன?’ என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அந்த எண் ஒரு நொடிக்கு எத்தனை பிரேம்கள் வந்தன என்று மட்டுமே சொல்லும். அவை ஒவ்வொன்றும் சரியான தூரத்தை நகர்த்தினவா என்று சொல்லாது. அதனால்தான் புதிதாக எட்டாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தை முழுவதும் படித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

சரி, எதிலிருந்து தொடங்க வேண்டும்?

மாற்றம் எதுவும் செய்யாத, தூய நிறுவலிலிருந்து. முன்பு யாரோ போட்டுவைத்த மாட்களும் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்புகள்) திருத்தங்களும் கோப்புறையில் கிடந்தால் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். பிறகு ஒருமுறை விளையாட்டின் லாஞ்சரைத் திறந்து மூடுங்கள்; ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறைக்குள் அமைப்புக் கோப்புகள் அப்போதுதான் உருவாகும். லாஞ்சர் உங்கள் கிராபிக்ஸ் கார்டை அடையாளம் கண்டுகொள்ளாமல் தாழ்ந்த தரத்தைத் தேர்ந்துவைக்கலாம். 2010-க்குப் பிறகு வந்த கார்டுகளின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? தரத்தை நீங்களே உயர்த்திக்கொள்ளலாம்.

அதன்பின் வரிசை இது: முதலில் 4 ஜிபி பேட்ச், அடுத்து எக்ஸ்என்விஎஸ்இ, அடுத்து என்விடிஎஃப். இவை என்ன என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் போட்டபின் விளையாட்டைத் திறந்து ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, ‘திறக்கவே மாட்டேனென்கிறது’ என்று இரவு பதினொரு மணிக்கு அழைப்பவர்களுக்கு நானும் அதே பதிலைத்தான் சொல்லப்போகிறேன்: எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

எந்தக் கோப்புறையில் நிறுவலாம்?

‘புரோகிராம் ஃபைல்ஸ்’ தவிர எங்கு வேண்டுமானாலும் நிறுவலாம். அந்தக் கோப்புறைக்குள் ஒரு பழைய நிரல் எதையாவது எழுத முயன்றால் விண்டோஸ் தடுக்கும், அல்லது ஓசையில்லாமல் வேறிடத்துக்குத் திருப்பிவிடும். நீங்கள் திருத்திய கோப்பு ஒன்று, விளையாட்டு படிக்கும் கோப்பு வேறொன்று என்றாகிவிடும். டி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று ஒரு கோப்புறை போதும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியவர்கள், அதன் அமைப்புகளில் புதிய லைப்ரரி இடம் ஒன்றைச் சேர்த்தால் அங்கேயே நிறுவிக்கொள்ளும்.

என் கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. ‘4 ஜிபி பேட்ச்’ எனக்கு எதற்கு?

பெயர்தான் குழப்புகிறது. இந்தப் பேட்ச் உங்கள் ரேமைக் குறைப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை.

நியூ வேகஸ் 32-பிட் நிரல். அப்படிப்பட்ட நிரலுக்கு விண்டோஸ் வழக்கமாக அளந்துவிடும் நினைவக எல்லை 2 ஜிபி. கணினியில் 64 ஜிபி இருந்தாலும் அதன் பங்கு அவ்வளவுதான். பெரிய வீட்டில் ஒரேயொரு அறையை வாடகைக்கு எடுத்தவருக்குப் பக்கத்து அறைகள் காலியாக இருந்து என்ன பயன்? நீங்கள் ஊர் ஊராக நடக்க நடக்க இந்த 2 ஜிபி நிரம்பிக்கொண்டே வரும். நிரம்பியதும் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் விளையாட்டு மறைந்து, டெஸ்க்டாப் கண்முன் நிற்கும். இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, விளையாட்டில் ஃப்ரீசைட் என்ற பகுதியிலிருந்து ஸ்ட்ரிப் என்ற பகுதிக்குள் போகும் வாயிற்கதவைத் திறக்கும் கணத்தில் மூடிக்கொள்கிறது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்.

‘இந்த நிரல் 2 ஜிபிக்கு மேலும் கையாளத் தெரிந்தது’ என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஒரு சிறு அடையாளத்தை விளையாட்டின் முதன்மைக் கோப்பில் பேட்ச் இடுகிறது. 64-பிட் விண்டோஸ் அதைப் பார்த்து 4 ஜிபி வரை கொடுத்துவிடும். அதற்கு மேல் 32-பிட் நிரலுக்கு எண்ணிக்கை எட்டாது. பேட்ச் செய்பவர் இன்னொரு நன்மையும் பெறுகிறார்: எக்ஸ்என்விஎஸ்இ இருந்தால், விளையாட்டை வழக்கம்போலத் திறந்தாலே அதுவும் சேர்ந்து எழும்பும். பழைய முதன்மைக் கோப்பு ஒரு நகலாகப் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்டீமில் ‘கோப்புகளைச் சரிபார்’ என்ற வசதியை அழுத்தினால், பேட்ச் செய்த கோப்பைப் பழுதென்று கருதி அது பழையதை மீண்டும் வைத்துவிடும். அழுத்தினீர்களென்றால் பேட்சை மறுபடி ஓட்டுங்கள்.

எக்ஸ்என்விஎஸ்இ, என்விடிஎஃப் என்பவை என்ன?

எக்ஸ்என்விஎஸ்இ என்பது விளையாட்டுக்குள் புதிய கட்டளைகளைச் சேர்க்கும் நீட்சி. அது மட்டும் இருந்தால் உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மற்றவை ஏறி நிற்கும் திண்ணை அது. விளையாட்டின் பதிப்பு 1.4.0.525 ஆக இருந்தால்தான் வேலை செய்யும். முறையாக வாங்கிய எல்லாவற்றிலும் அந்தப் பதிப்புதான் இருக்கும்.

நியூ வேகஸ் டிக் ஃபிக்ஸ் என்பதன் சுருக்கமே என்விடிஎஃப். மேலே சொன்ன 64 அடிக் கடிகாரத்தைத் தூக்கிவிட்டு, நுண்ணிய கடிகாரம் ஒன்றை அதனிடத்தில் அது வைக்கிறது. அத்துடன், விளையாட்டு உள்ளுக்குள் பொருட்களைத் தேடும் அட்டவணைகளைப் பெரிதாக்கித் தேடலையும் எளிதாக்குகிறது. இதைப் போட்டபின் மீண்டும் அதே வேலியின் பக்கம் போய் நடந்து பாருங்கள். என் மைத்துனர் மகன் அதை ஐந்து முறை முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, ‘மாமா, இத்தனை நாளாக என் கண்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்’ என்றான்.

அதனுடன் வரும் அமைப்புக் கோப்பை முதலில் தொடாதீர்கள். இருந்தபடியே பெரும்பாலானோருக்குப் பொருந்தும்.

‘ஸ்டட்டர் ரிமூவர்’ போடச் சொல்லி ஒரு பழைய வீடியோவில் பார்த்தேனே?

விண்டோஸ் 7 காலத்தில் அது திக்கலுக்கு நல்ல மருந்து. விண்டோஸ் 10-இலும் அதற்குப் பின்பும் அதுவே விளையாட்டை மூடிவிடுகிறது. அதன் இடத்துக்கு வந்ததுதான் என்விடிஎஃப். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

அதே வீடியோக்களில் அமைப்புக் கோப்பைத் திறந்து, ‘த்ரெட்’ என்ற சொல் வரும் வரிகளில் எண்களை மாற்றச் சொல்வார்கள். சிபியுவின் கருக்கள் அனைத்தும் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பது நம்பிக்கை. அப்படி எதுவும் நடப்பதில்லை; விளையாட்டு தன் பாரத்தின் பெரும்பகுதியை ஒரே கருவின் தலையில்தான் ஏற்றும், அந்த வரிகளால் நிலைத்தன்மை கெடுவதே மிச்சம். ‘யூகிரிட்ஸ்டுலோட்’ என்ற வரியில் 5 என்பதை 7 ஆக்கினால் தொலைவில் உள்ளவையும் தெளிவாகத் தெரியும் என்பார்கள். தெரியும்தான். ஆனால் உங்களைச் சுற்றி உயிரோட்டமாக இருக்கும் நிலப்பகுதி 25 கட்டங்களிலிருந்து 49 ஆகிவிடும், நினைவகம் திணறும், அப்படியே சேமித்துவிட்டால், பிறகு பழைய எண்ணுக்குத் திரும்புவதும் தலைவலி. பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் மற்றொருவரிடமிருந்து படியெடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் படியெடுத்து வந்த குறிப்புகள் இவை. ஏதாவது ஒரு வரி என்ன செய்கிறது என்று உங்களுக்கே விளங்காவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

என்னிடம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருக்கிறது. முழு வேகத்தில் ஓட்டலாமா?

என்விடிஎஃப் இல்லாமல் ஓட்டக்கூடாது. இதன் இயற்பியல் கணக்கு 60 பிரேமை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதைத் தாண்டினால் மேசை மேலுள்ள கோப்பைகள் காரணமின்றிப் பறக்கும், கதவருகே கிடந்த எலும்புக்கூடு எழுந்து நடனமாடும். ஒருமுறை பார்க்கச் சிரிப்பாக இருக்கும். என்விடிஎஃப்பில் உயர் பிரேம் வேகத்துக்கென்று ஒரு திருத்தம் உண்டு. அதைச் செயல்படுத்திவிட்டு ஓட்டலாம். என்னைக் கேட்டால், ஏற்ற இறக்கமான 130-ஐவிட நிலையான 60 மேல். பேச்சும் தேடலும் முக்கியமான விளையாட்டு இது.

ஆல்ட், டேப் விசைகளை அழுத்தி வெளியே போனால் திரும்பி வர முடியவில்லை.

முழுத்திரை நிலையில், டைரக்ட்எக்ஸ் 9 என்ற பழைய கிராபிக்ஸ் முறையில் எழுதப்பட்ட விளையாட்டுகள் பலவற்றுக்கும் உள்ள வியாதி இது. அமைப்பில் முழுத்திரையை நிறுத்திவிட்டு, விளிம்பில்லாத சாளரமாக ஓட்டுங்கள். அதற்கு ‘வன்ட்வீக்’ என்ற நீட்சி உண்டு.

பழைய அலுவலகக் கணினி ஒன்று மலிவாகக் கிடைத்தது. மூன்றாம் தலைமுறை ஐ5, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ஓடுமா?

ஓடும். நான்கு ரோட்டுப் பக்கமும் ஜங்ஷன் பக்கமும் இப்படிப்பட்ட கணினிகளை நிறையப் பேர் வாங்குகிறார்கள், இந்த விளையாட்டுக்கு அவை மோசமில்லை. திரை அளவை 1280-க்கு 720 என்று குறைத்து, நிழல்களையும் நீரின் பிரதிபலிப்பையும் தாழ்த்தி, தொலைவு அமைப்புகளை நடுத்தரத்தில் வைத்தால் கதையை முழுவதும் முடிக்கலாம்.

ஆனால் வாங்கும்போதே பெட்டியைத் திறந்து ரேமைப் பாருங்கள். நான் ஒரு கடையில் ‘8 ஜிபி’ என்ற சொல்லை மட்டும் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் திறந்தபோது ஒரே துண்டு 8 ஜிபி செருகியிருந்தது. தனிக் கார்டு இல்லாத கணினியில் படம் வரைவதும் அந்த ரேமை நம்பித்தான் நடக்கிறது. ஒரு துண்டுக்குப் பதில் ஒரே அளவில் இரண்டு துண்டுகள் தத்தம் இடத்தில் இருந்தால் தரவு போய்வரும் பாதை இரண்டாகிறது. இரண்டு 4 ஜிபித் துண்டுகளாக மாற்றிப் போட்டபோது, செலவழித்த தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரிய மாற்றம் தெரிந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

இன்னொன்று, ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுவது. இந்த உலகம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; நீங்கள் நடக்கும் திசையிலுள்ள கட்டங்களை விளையாட்டு வட்டிலிருந்து அவ்வப்போது எடுக்கிறது. சுழலும் வட்டில் அது தாமதமாவதால், திறந்தவெளியில் ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் ஒரு கணம் நின்று போகும். கடிகாரத் திக்கல் வேறு, இது வேறு. முன்னது நொடிக்கு நான்கு முறை சிறிதாக வரும், பின்னது அரை நிமிடத்துக்கொருமுறை பெரிதாக வரும்.

டிஎக்ஸ்விகே போட்டால் வேகம் கூடுமா?

கார்டைப் பொறுத்தது. டைரக்ட்எக்ஸ் 9 கட்டளைகளை வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் முறையின் கட்டளைகளாக மொழிபெயர்த்துக் கொடுப்பதே அதன் வேலை. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் புரோட்டான் வழியாக விளையாடுபவர்கள் அறியாமலேயே அதைப் பயன்படுத்துகிறார்கள், அங்கு நன்றாகவே ஓடுகிறது. மேலே சொன்ன மூன்றாம் தலைமுறை இண்டெல் கிராபிக்ஸுக்கு விண்டோஸில் வல்கன் ஆதரவே இல்லை என்பதால் அவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. விண்டோஸில் எல்லாம் ஒழுங்காக ஓடினால் தேவையில்லை.

மடிக்கணினியில் முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுக்கிறது.

சித்திரை வெயிலில் சேலத்து மாடியறையில் மெத்தை மேல் வைத்து விளையாடினால் வேறென்ன நடக்கும்? சூடு எல்லையைத் தொட்டதும் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதே மடிக்கணினியை ஏற்காட்டுக்கு எடுத்துப்போனால், மாலை நேரத்தில் இரண்டு மணி நேரமானாலும் வேகம் குறைவதில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, திரையில் மொஹாவி வெயில், நடுவில் ஒரு குவளை எஸ்டேட் காபி. எல்லோருக்கும் வாய்க்காது என்பதால், தட்டையான பலகை மேல் பின்பக்கத்தை ஓரங்குலம் உயர்த்தி வையுங்கள், பிரேம் வேகத்தை 60-இல் கட்டிவையுங்கள். கட்டாவிட்டால் மெனுத் திரையில்கூட கார்டு நூற்றுக்கணக்கான பிரேம்களை வரைந்து தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். சார்ஜரைச் செருகாமல் விளையாடினாலும் வேகம் குறையும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினி என்றால், விண்டோஸ் கிராபிக்ஸ் அமைப்பில் இந்த விளையாட்டுக்குத் தனிக் கார்டைத் தேர்ந்து வையுங்கள்.

ஏற்காட்டில் இணையம் மந்தம், மின்சாரமும் அடிக்கடி போய்வருகிறது. என்ன செய்வது?

இணையத்துக்கு விடை எளிது. சேலத்தில் முழுவதும் இறக்கி, ஹார்டு டிஸ்க்கில் எடுத்துப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து ஒரு ஹார்டு டிஸ்க் மேலே போய்ச் சேரும் வேகத்தில், தங்கை வீட்டு இணைப்பில் பாதிகூட இறங்கியிருக்காது. ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கினால் நிறுவல் கோப்பையே தனியாக இறக்கிவைத்துக்கொள்ளலாம், நிறுவும்போது இணையம் கேட்காது. ஸ்டீமில் வாங்கியவர்கள் விளையாட்டுக் கோப்புறையை அந்தக் கணினியின் ஸ்டீம் லைப்ரரிக்குள் படியெடுத்துவிட்டு ‘நிறுவு’ என்று கொடுத்தால், இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டு விடுபட்டதை மட்டும் இறக்கும். பிறகு ஒருமுறை உள்நுழைந்து ஆஃப்லைன் நிலைக்கு மாற்றிவிடலாம்.

மின்சாரம்தான் கெட்டது. சேமிப்புக் கோப்பு எழுதப்படும் கணத்தில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். ஒரே சேமிப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு முறையும் புதிய சேமிப்பாகப் போடுங்கள், வாரம் ஒருமுறை பழையவற்றை நீக்குங்கள். இடிமழைக் காலத்தில் மேசைக்கணினிக்குச் சிறியதாக ஒரு யுபிஎஸ் இல்லாமல் விளையாட உட்காராதீர்கள். நாற்பது மணி நேர விளையாட்டை ஐப்பசி மழையில் ஒரே மின்னலுக்குப் பறிகொடுத்தவன் சொல்கிறேன்.

எத்தனை முறை சேமித்தாலும் சேமிப்பே உருவாகவில்லை. ஏன்?

மூன்று காரணங்களைச் சந்தித்திருக்கிறேன்.

முதலாவது நம்மூருக்கே உரியது. கணினியை முதலில் தொடங்கும்போது பயனர் பெயரை ஆசையாகத் தமிழில் கொடுத்திருப்பார்கள். அதனால் பயனர் கோப்புறையின் பெயரும் தமிழிலேயே அமைந்திருக்கும். இன்றைய நிரல்களுக்கு அது ஒரு பொருட்டில்லை, யுனிகோடு அறிந்தவை. நியூ வேகஸ் பழைய முறையில் கோப்புறைப் பெயரைப் படிக்கிறது. அந்த முறையில் ரஷ்ய எழுத்துக்கும் கிரேக்க எழுத்துக்கும் விண்டோஸில் தனி அட்டவணை உண்டு, தமிழுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக மாறி, இல்லாத ஒரு கோப்புறையைத் தேடிப் போய் ஏமாந்து திரும்புகிறது. ஏற்காட்டில் ஒரு வீட்டில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. பயனர் பெயரை அமைப்பில் பின்னால் மாற்றினால் கோப்புறையின் பெயர் மாறாது. ரோமன் எழுத்தில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் விளையாடுவதே சுருக்கமான வழி. தமிழில் பெயர் வைத்ததற்காக யாரும் வருந்த வேண்டாம், தவறு நம்முடையதல்ல.

இரண்டாவது, விண்டோஸ் 11 ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையைத் தானாகவே ஒன்டிரைவுக்குள் நகர்த்தியிருக்கும். சேமிப்புக் கோப்பை விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலேற்றுவதற்காக ஒன்டிரைவ் அதைப் பிடித்துக்கொண்டால் தகராறு. அந்தக் கோப்புறைக்கு மட்டும் ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள். மூன்றாவது, விண்டோஸ் பாதுகாப்பில் கோப்புறைகளுக்கான அணுகல் கட்டுப்பாடு செயலில் இருப்பது. அதில் விளையாட்டுக்கு அனுமதி கொடுத்தால் தீர்ந்தது.

திரையில் உரையாடல்களைத் தமிழில் காட்ட முடியுமா?

இப்போதைக்கு இல்லை. இதன் எழுத்துருக்கள் 256 கட்டங்கள் கொண்ட படங்கள். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். யுனிகோடு தமிழ் அதில் நுழையாது. ஆனால் யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவின் காலத்தைக் கண்டவர்களுக்கு ஒரு யோசனை வரக்கூடும்: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்து, அதற்கேற்ப உரையைத் தட்டச்சு செய்வது. கோட்பாட்டளவில் தடையில்லை. இந்த விளையாட்டின் உரையாடல் கடல் அளவு என்பதுதான் தடை.

நண்பர் பென்டிரைவில் ஒரு நகல் கொடுத்தார். அதில் பேட்ச் ஏறவில்லை.

முதன்மைக் கோப்பை யாரோ ஏற்கெனவே மாற்றியிருப்பார்கள். பேட்ச் அதை அடையாளம் காணாமல் மறுக்கும். மேலே சொன்ன திருத்தங்கள் எல்லாம் அந்த ஒரு கோப்பைச் சார்ந்தவை. தள்ளுபடிக் காலத்தில் துணைக்கதைகள் அனைத்தும் அடங்கிய அல்டிமேட் பதிப்பையே வாங்கிவிடுங்கள். முறையாக வாங்கிய விளையாட்டே வேறு கணினிக்குப் படியெடுத்தபின் ‘எக்ஸ்இன்புட்’ என்று தொடங்கும் ஒரு கோப்பு இல்லை என்று சொன்னால், அது வேறு: மைக்ரோசாஃப்ட்டின் 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால் சரியாகும்.

எத்தனை மாட்கள் போடலாம்?

பட்டியலில் 255 வரை இடமிருப்பதாகத் தோன்றும். நடைமுறையில் 140-ஐ நெருங்கும்போதே விளையாட்டு தடுமாறத் தொடங்கும், சுவர்களில் படம் மறையும். முதன்முறை விளையாடுபவருக்குப் பத்துக்கு மேல் எதற்கு? பிழைகளைத் திருத்தும் ‘யப்’ என்ற தொகுப்பு ஒன்று, எக்ஸ்என்விஎஸ்இயின் மேல் ஏறும் ஜேஐபி நீட்சி ஒன்று, இவற்றோடு நிறுத்திக்கொண்டு ஒருமுறை கதையை முடியுங்கள்.

மாட்களை விளையாட்டுக் கோப்புறைக்குள் நேரடியாகக் கொட்டாமல், மாட் ஆர்கனைசர் 2 என்ற நிரல் வழியாகப் போடுங்கள். அது எல்லாவற்றையும் தனி இடத்தில் வைத்துக்கொண்டு, விளையாட்டு ஓடும்போது மட்டும் உள்ளே இருப்பதைப் போலக் காட்டும். பிடிக்காவிட்டால் டிக் குறியை எடுத்தால் போதும், கோப்புறை தூய்மையாகவே இருக்கும். மிகப்பெரிய படத்தொகுப்புகளை ஆசைப்பட்டுப் போடாதீர்கள். கார்டில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 4 ஜிபி என்ற கூரை தலைக்கு மேல் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஓரிடத்தில் மட்டும் மூடிக்கொள்கிறது.

அந்த இடத்துக்கு முந்தைய சேமிப்பைத் திறந்து, மாட்கள் எதுவும் இல்லாமல் அங்கே போய்ப் பாருங்கள். மூடாவிட்டால் குற்றவாளி ஒரு மாட். பாதியைச் செயலிழக்கச் செய்து சோதியுங்கள், மூடினால் மீதிப் பாதியில் இருக்கிறது. இப்படிப் பாதிப் பாதியாகக் குறைத்தால் முப்பது மாட்களில் ஐந்து முயற்சிக்குள் பிடித்துவிடலாம். இந்தச் சோதனைக்காக மாட்களை எடுத்த நிலையில் சேமிக்கக்கூடாது. பார்த்துவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

ஃபால்அவுட் 3-க்கும் இவையே பொருந்துமா?

அதுவும் நியூ வேகஸைப் போலவே கேம்பிரியோ எஞ்சினில் (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலில்) 2008-இல் வந்ததுதான், ஆகவே கடிகாரம், நினைவகம் இரண்டும் அதே கதை. ஆனால் எக்ஸ்என்விஎஸ்இயும் என்விடிஎஃப்பும் அதில் ஏறாது. ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ என்ற சேவையைக் கட்டிக்கொண்டு திறக்கவே மறுத்த அதன் பழைய தொல்லை, 2021 அக்டோபரில் வந்த புதுப்பிப்போடு ஒழிந்தது. இரண்டு விளையாட்டுகளும் உங்களிடம் இருந்தால், ‘டேல் ஆஃப் டூ வேஸ்ட்லேண்ட்ஸ்’ என்ற தொகுப்பு ஃபால்அவுட் 3-இன் உலகம் முழுவதையும் நியூ வேகஸுக்குள் கொண்டுவந்துவிடும். மேலே சொன்ன திருத்தங்கள் அனைத்தும் அப்போது இரண்டுக்கும் சேர்ந்தே வேலை செய்யும். நான் அந்த வழியில்தான் விளையாடுகிறேன்.